கால் ஊன்ற ஓர் இடம்

பறவைகளுக்குப் பின்னாலேயே தெற்கு நோக்கி இரண்டு சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

முன்னால் போனவள் பவளக்கொடி. முப்பதைத் தாண்டியவள். அவள்தான் குரு. பின்னால் மூச்சு வாங்க மிதித்து வந்தவர் செவந்தியப்பன். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிறவர். அவர்தான் சீடர்.

வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஆளை மாற்றிக் கும்பிட்டார்கள்.

"யோவ், குரு முன்னால போகுது. அங்க கும்பிடு. நான் சும்மா கூட வாரேன்" என்று செவந்தியப்பன் சத்தம் போடுவார். கும்பிட்டவர் கையை இறக்குவதற்குள் இரண்டு சைக்கிளும் போயிருக்கும்.

செவந்தியப்பன் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரல் பிடித்து விலை பேசும்போதே எதிராளியின் மனசைப் படித்துவிடுவார். அவருடைய கோபத்துக்குச் சந்தையில் காளைகளே ஒதுங்கி நிற்கும் என்பார்கள். அந்தச் சந்தைக்குத்தான் பவளக்கொடி ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வடக்கே காயல்ல ஆரம்பிச்சு தெற்கே கடைசிக் குளம் வரைக்கும் மிதிக்கப்போறேன். வலசைப் பறவைங்க வர்ற வழி. அதுங்க வர்றது நம்ம ஜனத்துக்குத் தெரியணும். கூட வர்றவங்க வரலாம்" என்றாள்.

சந்தையே சிரித்தது. செவந்தியப்பன் மட்டும், "வழியில என்னென்ன ஊரு வரும் தாயி?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழமருதன்குளம் என்ற பேர் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"நானும் வாரேன்."

கீழமருதன்குளத்தில் அவருடைய ஒரே மகள் உலகம்மா இருந்தாள். தேவசகாயம் என்ற ஆட்டோக்காரனை அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்டவள். கல்யாணத்தன்று செவந்தியப்பன் அந்தத் தெருவில் நின்று, "உன் வாசப்படிய மிதிச்சா நான் செவந்தியப்பன் இல்ல" என்று கத்திவிட்டு வந்திருந்தார். சொன்ன சொல்லில் நிற்கிறவர் என்று பேர் எடுத்த மனுசன். இப்போது அங்கே பேத்தி பிறந்திருந்தாள். போகவும் முடியவில்லை, போகாமல் தூங்கவும் முடியவில்லை.

வழியோடு போகிறவன் தாகத்துக்கு இறங்கினால் அது தேடிப் போனதாகாது. கையால் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவர் போட்ட கணக்கு அதுதான்.

காயல் கரையில், கிளம்புவதற்கு முன் பவளக்கொடி ஒரே ஒரு கட்டுத்தான் விதித்தாள்.

"பறவை இறங்குற ஊர்ல நாம இறங்குவோம். பறவை இறங்க இடமில்லாத ஊர்ல நம்ம காலும் தரையில படக்கூடாது. பச்சத்தண்ணிகூட வாங்கக்கூடாது."

"அது எதுக்கு தாயி?"

"அதுங்களுக்கு யாரு குடுத்தா?"

செவந்தியப்பன் சிரித்தார். "இவ்வளவுதானா? நம்ம சீமையில தண்ணி இல்லாத ஊரு எது?" என்று சொல்லி, சந்தை வழக்கப்படி அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்துக் கொடுத்தார். கையடித்துக் கொடுத்தால் பிறகு மாற்றமில்லை.

முதல் நாட்கள் கனவு மாதிரிப் போயின. விடியலில் காயலின் மேல் பனி மூட்டம் படுத்திருக்கும். அதற்குள்ளிருந்து பூநாரைகளின் குரல் மட்டும் வரும். மூட்டம் விலகும்போது தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் யாரோ ரோஜா நிறக் கோடு இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். உப்பளங்களின் வரப்பில் சைக்கிள் போகையில், கீழே பாத்தியில் இன்னொரு செவந்தியப்பன் தலைகீழாக மிதித்து வந்தார். மேலே கூட்டம் போனால் நிழல்கள் அவர் முதுகின் மேல் ஏறி இறங்கிப் போகும். அப்போது மிதிப்பது அவர் கால் இல்லை, வேறு எதுவோ என்று தோன்றும்.

அப்புறம்தான் ஊர்கள் வந்தன.

ஒரு ஊரில் ஏரி இருந்த இடத்தில் செங்கல் சூளை. அடுத்த ஊரில் கல்யாண மண்டபம். அதற்கடுத்ததில் கரை மட்டும் இருந்தது, உள்ளே முழுக்கக் குப்பை. வடை வேகிற வாசனை குறுக்கே வந்து மூக்கைப் பிடிக்கும். சைக்கிளை நிறுத்த முடியாது.

"பெரியவரே, இறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க!"

"ஆகாதுய்யா!"

"ஏன், எங்க ஊர் டீக்கு என்ன கேடு?"

"உங்க ஊர்ல ஒரு நாரை கால் வைக்க இடமில்ல. எனக்கு எதுக்குய்யா டீ?"

ஓடுகிற சைக்கிளிலிருந்து பிரசங்கம் பண்ண முடியாது. தெருவுக்கு ஒரு வாக்கியம்தான். அவர் பசியில் அந்த வாக்கியத்தைத் திட்டாகவே போட்டுவிட்டுப் போவார். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பிறகு கேட்காது. திரும்பிப் பார்த்தால், டீக்கடைக்காரர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஏதோ இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பவளக்கொடி எந்தத் தெருவிலும் வாயைத் திறந்ததில்லை.

ஒரு மத்தியானம், வயலோரக் குட்டை ஒன்றின் கரையில் அடுப்பு மூட்டினார்கள். குட்டையில் வேறு ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் ஒரு சின்னக் குருவி வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடியது. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள்.

அரிசி பாதி வெந்திருந்தது. செவந்தியப்பன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"தாயி, ஒரு கேள்வி. கோவிக்கக்கூடாது. நாம இப்படி மிதிச்சுச் சாகுறதால பறவைக்கு என்ன லாபம்?"

அவள் அந்தக் குருவியைக் காட்டினாள். "அது எங்கருந்து வருதுன்னு தெரியுமா?"

"எங்கருந்து வரும்? நம்ம ஊரு வாய்க்காலு. மாட்டுச் சாணத்துக்குப் பின்னால திரியும்."

"பனிமலைக்கு அந்தாண்டருந்து வருது. வாலாட்டி."

"இதுவா!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் சட்டைப் பையில ரெண்டு அடங்கும். இதுக்கா நான் மிதிக்கேன்? நான் பூநாரைக்குன்னுல்ல நெனச்சேன்!" என்று தொடையில் அறைந்து கைதட்டினார்.

வாலாட்டி பறந்துபோனது.

பவளக்கொடி எழுந்தாள். அடுப்பில் தண்ணீரைத் தெளித்தாள். சைக்கிளை எடுத்தாள்.

"என்ன தாயி, எங்க கிளம்பிட்ட?"

"அது கிளம்பிருச்சே அண்ணாச்சி."

"சோறு பாதிதான வெந்திருக்கு!"

அவள் மிதிக்கத் தொடங்கியிருந்தாள். அரை வேக்காட்டுச் சோற்றை வாய்க்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, கண்டபடி ஏசிக்கொண்டு, அவர் பின்னால் போனார். அவள் குருவி போன பக்கமே மிதித்தாள்.

கீழமருதன்குளத்துக்கு முந்தைய ஊரில் நல்ல குளம் இருந்தது. கரையில் குளித்துத் தலை துவட்டும்போது ஒரு பால்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"அடுத்தால எங்க?"

"கீழமருதன்குளம்" என்று சொல்லும்போதே செவந்தியப்பனின் குரல் இளகியது. "குளத்தாங்கரைத் தெரு."

"தெருதான் இருக்கு. குளம் எங்க இருக்கு? பஸ் ஸ்டாண்டு கட்டியாச்சு. பாக்கிய மனை போட்டாச்சு."

செவந்தியப்பனின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

பால்காரர் போன பிறகு அவர் மெதுவாகத் துண்டை உதறினார். பவளக்கொடிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். துண்டைத் தன் வலது கையின் மேல் போட்டார்.

"கைய வை தாயி."

"என்ன அண்ணாச்சி?"

"வியாபாரம். வாயால கேட்டா எனக்குக் கோவம் வந்துரும்."

அவள் துண்டுக்குள் கையை விட்டாள். அவர் அவளுடைய ஐந்து விரலையும் பிடித்தார். ஐந்து நிமிடம். அவள் கை அசையவில்லை. நான்கு விரலைப் பிடித்தார். மூன்று. இரண்டு. கடைசியில் சுண்டுவிரலை மட்டும் பிடித்தார். ஒரே நிமிடம். பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற நேரம்.

அவள் கை விரிந்தபடியே கிடந்தது. எந்த விரலையும் பிடிக்கவில்லை. சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாடு விற்பனைக்கு இல்லை.

துண்டைச் சுருட்டி வீசினார். "நீயெல்லாம் ஒரு குருவா? கல்லுல்ல! உன் கட்டுல தீய வைக்க! நான் அங்க இறங்கத்தான் போறேன். மகளப் பாக்கத்தான் போறேன்!"

"இறங்குங்க அண்ணாச்சி. யாரு பிடிச்சா?"

அவர் வாயைத் திறந்தார். அடித்துக் கொடுத்த உள்ளங்கை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குளத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதிர்க்கரையில் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. அவற்றுக்கு யாரோடும் வழக்கில்லை.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் கீழமருதன்குளத்துக்குள் நுழைந்தார்கள். காற்றில்லை. வெளிச்சம் தேன் மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தத் தெருவுக்குச் சேதி முந்தியே போயிருந்தது. சைக்கிளில் ரெண்டு பேர் வருகிறார்கள், அதில் ஒருவர் தெருவெல்லாம் திட்டிக்கொண்டே வருகிறார் என்று. திட்டுகிறவர் யாரென்று உலகம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அடுப்பில் சோறு இருந்தது.

"யப்பா!"

செவந்தியப்பன் வாசலுக்கு நேராக வந்தார். இறங்கவில்லை. சைக்கிளை ஒடித்துத் திருப்பினார். தெருக்கோடி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் திருப்பினார்.

"யப்பா, என்ன செய்தீய?"

"பறவை இறங்கினாத்தான்..." என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

அடுத்த சுற்றில், "நான் இறங்கலாம்..." என்றார்.

அதற்கடுத்த சுற்றில், "கையடிச்சுக் குடுத்துட்டேன்த்தா" என்றார்.

உலகம்மா அவருடைய மகள். கோபமும் அவருடையதுதான். "மூணு வருசம் கழிச்சு வந்து வாசல்ல ரங்கராட்டினம் சுத்துதியளா? இறங்குங்க! இல்ல, அப்படியே போங்க!"

அவர் போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிள்ளை ஒவ்வொரு தடவையும் அவரைத் தலையைத் திருப்பிப் பார்த்தது. நாலாவது தடவை சிரித்தது. அவர் கைப்பிடி ஆடி, விழப் பார்த்து, நிமிர்ந்தார். பவளக்கொடி அவருக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு சைக்கிளின் நிழலும் நீண்டு, சுவர்களில் ஏறி வளைந்து வந்தன. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் மேலே சிறகுச் சத்தம் கேட்டது. நேற்றுப் பார்த்த வாத்துக் கூட்டம் மாதிரியே ஒரு கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு மேல் தாழ்ந்து வந்தது. ஒரு வட்டம் போட்டது. ஏறியது. மறுபடியும் தாழ்ந்தது. கழுத்தை நீட்டி எதையோ தேடியது.

கீழே செவந்தியப்பன் சுற்றிக்கொண்டிருந்தார். மேலே அவை சுற்றிக்கொண்டிருந்தன.

"ரெண்டும் ஒண்ணு மாதிரி சுத்துதே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மூன்றாவது வட்டத்துக்குப் பிறகு கூட்டம் தெற்கே திரும்பிப் போய்விட்டது.

"குளத்த மூடிட்டாகளே" என்றாள் உலகம்மா. இப்போது குரலில் கோபம் இல்லை. "நான் எங்க போயிக் குளத்தக் கொண்டாருவேன்?"

"யாரும்மா மூடினா?" சைக்கிளை விட்டுக்கொண்டே பவளக்கொடி கேட்டாள். அந்தப் பயணம் முழுக்க அவள் ஒரு தெருவில் பேசியது அப்போதுதான்.

டீக்கடை இசக்கிமுத்து தலையைச் சொறிந்தார். "எல்லாருந்தான். வீடு கட்டின மண்ணு, இடிச்ச மண்ணு. ஆளுக்கொரு கூடை."

உலகம்மா பிள்ளையை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். வீட்டுக்குள் போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். அந்தத் தெருவில் குழாய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரைத் தெரு நடுவில், ரோடு பள்ளமாக உள்வாங்கிய இடத்தில் ஊற்றினாள். இன்னொரு குடம் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு, தன் வீட்டுக் குடத்தையும் கொண்டுவந்தாள். அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் டீக்கடை.

தெருவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் வானம் வந்து படுத்தது.

செவந்தியப்பன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் கனத்தது. "தாயி, இது ஆகுமா?"

"என்னக் கேக்காதீங்க அண்ணாச்சி. மேல கேளுங்க."

தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. கிழடும் பிள்ளைகளும், கையில் கரண்டியோடு வந்தவர்களும். மேலே ஒன்றுமில்லை. வெளிச்சம் மட்டும் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிறகு கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்டு மதிலிலிருந்து, சிவிக், சிவிக் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு சின்ன உடம்பு காற்றில் ஏறி ஏறி இறங்கி, அலை போல வந்தது. சாம்பல் முதுகு. மஞ்சள் வயிறு. தண்ணீரின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. வாலை ஆட்டியது.

செவந்தியப்பன் பார்த்தார். இனி இறங்கலாம். ஆனால் அவருடைய சைக்கிள் பிரேக், பிடித்தால் பன்றி அலறுகிற மாதிரி அலறும். வழியெல்லாம் அதைப் பிடித்துத்தான் நாய்களை விரட்டிக்கொண்டு வந்தார்.

அவர் பிரேக்கைத் தொடவில்லை. மிதிப்பதை விட்டார். சைக்கிள் தானாக மெதுவாகட்டும் என்று விட்டார். அது தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, இதோ விழப்போகிறது என்கிற இடத்தில், வலது காலை நீட்டி, பெருவிரலை முதலில் வைத்து, பிறகு பாதத்தை, பிறகு குதிகாலை, தரையில் இறக்கினார்.

சத்தமே வரவில்லை. அறுபது வருடத்தில் செவந்தியப்பன் ஒரு இடத்துக்கு இப்படி வந்து சேர்ந்ததில்லை.

"யப்பா" என்று உலகம்மா ஆரம்பித்தாள். அவர் வாயில் விரலை வைத்தார்.

தெருமுனையில் ஆட்டோ ஒன்று படபடவென்று திரும்பியது. தேவசகாயம். செவந்தியப்பன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அவனைக் கண்டு கத்த அவரிடம் மூன்று வருடச் சரக்கு இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை மட்டும் காட்டினார். அவன் கையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். இஞ்சினை அணைத்தான். கீழே இறங்கி, ஆட்டோவைத் தெரு வாயில் குறுக்காகத் தள்ளி நிறுத்தினான். மாமனும் மருமகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

செவந்தியப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். எந்தப் படி அது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. உலகம்மா பிள்ளையை வாங்கி அவர் மடியில் வைத்தாள்.

பவளக்கொடி தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, எதிரே தரையில் குந்தினாள்.

இசக்கிமுத்துவுக்குத்தான் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, செவந்தியப்பனின் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, இத்தணூண்டு குருவிக்கா இவ்வளவு பாடு? இதுல என்ன லாபம்?"

செவந்தியப்பன் பவளக்கொடியைப் பார்த்தார். பதில் அவளுடையது, அவளே சொல்லட்டும் என்கிற மாதிரி.

அவள் தண்ணீரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது கிளம்பினா நாங்களும் கிளம்பணும்."

உலகம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

இசக்கிமுத்து நிமிர்ந்தார். அடிமேல் அடி வைத்துக் கடைக்குப் போனார். அங்கே பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. வீடு வீடாக டிவிகள் நின்றன. எங்கோ ஒரு மிக்சி நின்றது. எதிர்வீட்டுக்காரி இன்னொரு குடத்தைத் தூக்கி வந்து, குழந்தைக்கு வாய் துடைக்கிற பக்குவத்தில், பள்ளத்தின் மறு ஓரத்தில் தண்ணீரைச் சாய்த்தாள்.

வாலாட்டி இரண்டடி ஓடி நின்றது. வாலை ஆட்டியது.

செவந்தியப்பனின் தோளிலிருந்து துண்டு நழுவி, அவர் கையின் மேலும் பிள்ளையின் கையின் மேலும் விழுந்தது. உள்ளே ஐந்து சின்ன விரல்கள் தேடி வந்து, அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டன.

அவர் விலை கேட்கவில்லை. அசையவும் இல்லை.